உனக்கு என்னம்மா பங்கம்?

2005 நவம்பரில் ஒரு சாயங்காலம். திருவண்ணாமலையில் என் சீனியர் ஆபீசில், மறுநாள் வாய்தாவுக்கான கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தொழிலுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஐந்தாறு பேர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் செய்தித்தாள் வெட்டுகள், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. சீனியரைத்தான் தேடி வந்திருப்பார்கள் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவர்கள் தேடி வந்தது என்னை.

நடிகை குஷ்பு மீது கேஸ் போட வேண்டும் என்றார்கள். அந்தச் செப்டம்பரில் 'இந்தியா டுடே' இதழில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அவர் சொன்ன கருத்து தமிழ்நாடு முழுக்கப் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். ஊருக்கு ஊர் ஊர்வலம், கொடும்பாவி. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் தனிநபர் பிராதுகள் குவிந்துகொண்டிருந்தன. "நம்ம மாவட்டத்துலயும் ஒண்ணு போடணும். பொம்பளை பேருல போட்டாத்தான் எடுபடும். நீங்க பொம்பளை, வக்கீலு, நம்ம பக்கத்துப் பொண்ணு. நீங்களே பிராதுதாரரா இருந்துடுங்க. செலவு எங்களுது" என்றார் அந்த வெட்டுகளை வைத்திருந்தவர். பேப்பரில் பெயர் வரும் என்றும் சொன்னார்.

மறைக்க விரும்பவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. கோர்ட்டில் நான் அதுவரை எழுந்து நின்றதெல்லாம் வாய்தா கேட்கத்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, சீனியருக்குக் கட்டு தூக்கி, கடைசி செஞ்சி பஸ்ஸில் திரும்புகிறவள். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து பிராதை எழுதி முடித்தேன். இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகள், அவதூறு. 'தமிழ்ப் பெண்கள் அனைவரின் கற்பையும் இழிவுபடுத்தி' என்று ஒரு வரி எழுதியது நினைவிருக்கிறது. எழுதும்போது கோபமாகவே இருந்தேன். அந்தக் கோபம் என்னுடையதா, அந்த ஐந்தாறு பேருடையதா என்று அப்போது யோசிக்கவில்லை.

காலையில் சீனியர் அதைப் படித்தார். திட்டவில்லை. அலமாரியிலிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்து என் முன்னால் வைத்து, "199-ஆம் பிரிவை வாய்விட்டுப் படிம்மா" என்றார். படித்தேன். அவதூறு வழக்கை, அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் பிராது கொடுத்தால் ஒழியக் கோர்ட் கையில் எடுக்கக் கூடாது. அதுதான் சாரம். "பாதிக்கப்பட்டவர்னு போட்டிருக்கு இல்ல? அது நீதானா? அந்தம்மா சொன்னதுல உனக்கு என்னம்மா பங்கம் வந்துச்சு? உன் பேரச் சொன்னாங்களா? உங்க வீட்டைச் சொன்னாங்களா?"

பதில் வரவில்லை. கேள்வி அதோடு நிற்கவும் இல்லை. "சரி, போடுற. ஜட்ஜு உன் வாக்குமூலத்தைப் பதிஞ்சு நம்பர் கொடுத்துட்டார்னே வெச்சுக்கோ. சம்மன் போகும். அந்தப் பொம்பளை இங்க வரணும். டவாலி வெளிய நின்னு மூணு தடவை பேரைக் கூப்பிடுவான். வெளிய எத்தனை பேர் நிப்பாங்க, கையில என்ன வெச்சிருப்பாங்கன்னு யோசிச்சியா?"

அதே மாதம்தான் மேட்டூர் கோர்ட்டில் குஷ்பு ஆஜராகி ஜாமீன் எடுத்தார். கூட்டம் முட்டையும் தக்காளியும் வீசியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் பிராதைக் கிழித்துப் போட்டேன். வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்த 500 ரூபாயைக் குமாஸ்தாவிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சீனியர் அதிகம் பேசாதவர். ஆனால் அந்த வாரம் கோர்ட் முடிந்து டீ குடிக்கும்போது எம்.கே. தியாகராஜ பாகவதர் கதையைச் சொன்னார். சீனியருடைய அப்பா மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' பார்த்தவர். 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அது வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றவர் என்பதால் அவருக்கு எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. டிசம்பரில் பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். ஐகோர்ட் செஷன்ஸில் ஜூரி வைத்து விசாரணை. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. கூடவே குற்றம் சாட்டப்பட்ட கோவை ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. "தியேட்டர்ல மனுஷன் பாடிக்கிட்டே இருக்கார். ஜனம் கை தட்டிக்கிட்டே இருக்கு. ஆள் ஜெயில்ல" என்றார் சீனியர். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. கிருஷ்ணன் ஓரளவு மீண்டார். குற்றம் நிரூபணமாகாத ஒரு வழக்கு பாகவதரின் சிறந்த வருஷங்களைத் தின்றுவிட்டது. புகழ் பெற்றவனுக்குக் கோர்ட் லேசாக இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அந்த டீக்கடையில் போயிற்று.

2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் குஷ்பு மீதான வழக்குகளை ரத்து செய்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிராதுகள், பெரும்பாலும் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு. பார் அசோசியேஷன் அறையில் பிரிண்ட் எடுத்து வரி வரியாகப் படித்தேன். பிராது கொடுத்த எவரும் 199-ஆம் பிரிவு சொல்லும் 'பாதிக்கப்பட்டவர்' அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. 'தமிழ்நாட்டுப் பெண்கள்' என்பது அவதூறு சட்டம் அடையாளம் காணக்கூடிய குறிப்பிட்ட கூட்டமும் அல்ல. பிடிக்காத கருத்துக்குப் பதில் கருத்தால் சொல்ல வேண்டும், குற்ற வழக்கால் அல்ல என்ற பொருளிலும் சொல்லியிருந்தது. முக்கியமாக, இப்படிப்பட்ட பிராதுகளை நம்பர் செய்யும்முன் மாஜிஸ்திரேட்டுகள் நிதானிக்க வேண்டும் என்ற அறிவுரை.

பிரிண்டை எடுத்துக்கொண்டு சீனியர் வீட்டுக்குப் போனேன். அப்போது அவர் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "நான் சொன்னேன் பாத்தியா" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "அஞ்சு வருஷம் ஆயிருக்கும்மா. அஞ்சு வருஷம்" என்றார். அந்தத் தீர்ப்பைப் பற்றி யார் என்ன பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கணக்குதான். கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிய ஒரு சின்னப் பிராதுக்கும், அதை அடிக்க டெல்லி வரை போக வேண்டிய பாதைக்கும் இடையில் ஒரு மனுஷியின் ஐந்து வருஷம் கிடந்தது. நான் எழுதியதும் அதில் ஒன்றாகப் போயிருக்கும்.

அப்புறம் கீழ்பென்னாத்தூரிலேயே ஆபீஸ் போட்டேன். நெல், கரும்பு, மல்லாட்டை விளைகிற பக்கம். வருகிற கேஸ்கள் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், செக் மோசடி. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஜனங்களுக்குச் சட்டம் தெரிய வந்ததெல்லாம் பெரும்பாலும் சினிமாக்காரர்களின் வழக்குகள் மூலம்தான். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, பஞ்சாயத்தில் யாரும் படித்துக் காட்டவில்லை. ரஜினி கேஸ், கமல் கேஸ் என்று டீக்கடையில் பேசுகிறபோது 'இன்ஜங்ஷன்' என்ற சொல் ஊருக்குள் வந்துவிடுகிறது. அரைகுறையாகத்தான் வரும். அதைச் சரிசெய்து சொல்வது என் வேலையில் பாதி ஆகிவிட்டது.

2013 ஜனவரியில் கமலின் 'விஸ்வரூபம்'. மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டு 15 நாளுக்குப் படத்தை நிறுத்தினார்கள். 29-ஆம் தேதி ராத்திரி ஐகோர்ட் தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே அமர்வு அந்த உத்தரவை நிறுத்தியது. எங்கள் பக்கத்துத் தியேட்டர்க்காரர் ஒருவர் அந்த இரண்டு நாளில் நான்கு முறை போன் செய்தார். "எந்த ஆர்டரம்மா நான் பாக்கணும்? ராத்திரி ஆர்டரா, காலை ஆர்டரா?" அவர் விநியோகஸ்தருக்கு முன்பணம் கட்டியிருந்தார். கமலுக்கு என்ன நஷ்டம் என்று நாடே பேசியது. பெட்டியைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த இவர் பெயர் எந்த மனுவிலும் இல்லை. பிப்ரவரி 7-ஆம் தேதி படம் வெளியானது.

அந்த 144-க்கு இப்போது வேறு வேலை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தடை உத்தரவு 163-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. 144 என்ற எண்ணில் மனைவி, குழந்தை, பெற்றோருக்கான ஜீவனாம்சம் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பு அது 125. இன்றைக்கும் கை பழக்கத்தில் 125 என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்துகிறேன்.

ரஜினி கேஸ் சற்று வேறு மாதிரி. 'மே ஹூன் ரஜினிகாந்த்' என்று ஒரு இந்திப் படம் எடுத்தார்கள். அவர் ஐகோர்ட்டுக்குப் போனார். 2015 பிப்ரவரியில் தீர்ப்பு அவர் பக்கம். பிரபலமான ஒருவரின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பார்த்ததும் இன்னார் என்று தெரிந்தால் அதுவே போதும் என்றது கோர்ட். படம் வேறு பெயரில் வந்தது. இதைக் கேள்விப்பட்டு ரோட்டோரம் மெஸ் வைத்திருக்கும் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். போர்டில் ரஜினி பெயரும், கண்ணாடி போட்ட படமும். "படத்தை எடுத்துடுங்க" என்றேன். பெயரை மாற்ற மாட்டேன் என்றார். அது அவர் மகனின் பெயர். பள்ளிச் சான்றிதழே கொண்டுவந்து காட்டினார். 1990-களில் பிறந்த பையன், அப்பா ரசிகர். தன் சொந்தப் பெயரை நேர்மையாகத் தொழிலுக்கு வைத்துக்கொள்வதை வணிகச் சின்னச் சட்டம் 35-ஆம் பிரிவில் காப்பாற்றுகிறது. உரிமத்தை மகன் பெயருக்கே மாற்றச் சொன்னேன். படம் இருந்த இடத்தில் இப்போது அண்ணாமலையார் இருக்கிறார்.

2017 தொடக்கத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வந்தன. முதலில் பாட்டு. மார்ச் மாதம், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன செய்தி. அனுமதி இல்லாமல் என் பாட்டைப் பாடக் கூடாது என்று. எஸ்.பி.பி. வருத்தத்தோடு, அந்தப் பயணத்தில் இனி ராஜா பாட்டைப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். அந்த இரண்டு பேரையும் பிரித்து யோசித்தே பார்க்காத ஜனங்களுக்கு அது ஒரு வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. எனக்கும்தான். அவர்கள் மறுபடி ஒரே மேடையில் நின்ற 2019 ஜூன் வரை மனதில் ஒரு நெருடல் இருந்தது.

மறு வாரம் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் ஒருவர் வந்தார். கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி. பங்குனி உத்திரம் தொடங்கி ஆடி முடிய அவருக்கு வருமானம். "பாலு சாருக்கே நோட்டீஸ்னா நான் எம்மாத்திரம்? எங்க லிஸ்ட்ல பாதி ராஜா சார் பாட்டுதாம்மா. அதைப் பாடலைன்னா ஊர்க்காரன் மைக்கைப் புடுங்கிடுவான். பாடலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத கேள்வி. சினிமாப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்பதே நீண்ட சண்டை. 1977-இல் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் சாய்ந்தது. 2012-இல் நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதிக்கொடுத்துவிட்டுப் போக முடியாது என்று செய்தது. அது நியாயமான திருத்தம். மெட்டுப் போட்டவனுக்குக் காசு இல்லை, கேசட் விற்றவனுக்கு மட்டும் காசு என்பதை எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? இளையராஜா கேட்டது பலருக்குக் கசந்தாலும் கேட்கக் கூடாததை அவர் கேட்கவில்லை என்றே நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆனால் அதே சட்டம் எங்கள் ஊர் மேடையையும் மறக்கவில்லை. 52-ஆம் பிரிவை எடுத்து அவருக்குப் படித்துச் சொன்னேன். உண்மையான மதச் சடங்கின்போது பாடினால் மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் அந்தச் சடங்கில் அடக்கம். கல்யாண வீட்டுக்குப் பயமே வேண்டாம் என்றேன். (2023 ஜூலையில் மத்திய அரசே கல்யாணங்களில் பாட்டுக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று பொது அறிவிப்பு கொடுத்தது.) டிக்கெட் போட்டு மண்டபத்தில் நடத்தினால் உரிமம் வாங்கியே ஆக வேண்டும். சங்கடம் நடுவில் இருந்தது. சாமி புறப்பாடு முடிந்து, கோயிலுக்கு எதிரே மேடை போட்டு விடிய விடியப் பாடுகிற கச்சேரி சடங்கா, கேளிக்கையா? இரண்டு பக்கமும் வாதாடலாம். "திரௌபதி அம்மன் கோயில் பத்து நாள் கூத்தைச் சடங்கு இல்லைன்னு எந்த ஜட்ஜும் சொல்ல மாட்டார். உங்க கச்சேரியைச் சொல்லவும் செய்யலாம்" என்று ஒளிக்காமல் சொன்னேன். விழாக் குழுவிடம் உரிமம் உங்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளவும், தொடக்கப் பாட்டைப் பக்திப் பாட்டாக வைக்கவும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இசையமைப்பாளர் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லவும் சொன்னேன். கடைசியாகச் சொன்னது சட்டம் அல்ல, என் ஆசை. அவர் இன்றுவரை பெயர் சொல்லித்தான் பாடுகிறார். அந்தப் பெயர்களுக்கு ஜனம் கை தட்டுவதை நானே நின்று கேட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு விஷயங்களில் மற்றது தனுஷ் கேஸ். மதுரை மேலூர் பக்கத்து வயதான தம்பதி ஒன்று, நடிகர் தனுஷ் எங்கள் மகன், படிக்கிற வயதில் வீட்டை விட்டுப் போனவன் என்று சொல்லி, மாதம் 65,000 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டு மேலூர் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தது. அதை ரத்து செய்யக் கேட்டு தனுஷ் ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனார். பிப்ரவரி 28-ஆம் தேதி அங்க அடையாளம் பார்க்க அவரே நேரில் வந்தார். எல்லா டிவியிலும் அதுதான். மச்சம், தழும்பு என்று ஒரு மனிதனின் உடம்பை நாடே பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. சட்டப்படி அவசியம் என்றே வைத்துக்கொண்டாலும் அப்படித்தான்.

பத்து நாள் கழித்து ஒரு கிழவனும் கிழவியும் என் ஆபீஸ் படியேறினார்கள். பக்கத்துக் கிராமம். கிழவி கையில் ஒயர்க் கூடை.

"நடிகனையே கோர்ட்டுக்கு இட்டாந்து நிக்க வெச்சுட்டாங்களாமே. எம்புள்ளைய இட்டார முடியாதா வக்கீலம்மா?"

அவர்கள் மகனைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கூடைக்குள் இருந்தன. இருந்த ஒன்றரை ஏக்கரை விற்றுச் சென்னையில் அவனுக்குக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷமாக அவன் வரவில்லை, போன் எடுப்பதில்லை. பெற்றோர் மகனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதே அவர்களுக்கு அந்த டிவி செய்தி வரும்வரை தெரியாது.

125-இல் போட்டால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் இழுக்கும். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் போகலாம். மாதம் 10,000-க்கு மேல் கிடைக்காது, ஆனால் சீக்கிரம் முடியும். ஒரு சிக்கல், அங்கே வக்கீல் ஆஜராகக் கூடாது. கிழவருக்கு எழுபத்தைந்துக்கு மேல். சீக்கிரம்தான் முக்கியம் என்று முடிவு செய்தேன். மனுவை எழுதிக்கொடுத்து, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். விசாரணை அன்று கூடவே போய் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன்.

மகன் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, இளைத்த முகம். உள்ளே பெயர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கிழவி எழுந்து போய்க் கூடையைத் திறந்து, அவித்த மல்லாட்டையை அவன் கையில் அள்ளிக் கொடுத்தாள். "சாப்பிடாம வந்திருப்ப." அவன் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று கிழவர் என்னிடம் வந்து கேட்டார். உங்கள் மனசு, ஆனால் அடுத்த மாதம் மருந்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் உள்ளே போனார். மாதம் 5,000 ரூபாய், முதல் வாரத்தில் பேங்க்கில் போடுவது என்று மகன் எழுதிக் கையெழுத்திட்டான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கிழவி கேட்டாள்:

"அந்த நடிகரு கேசு இன்னாச்சு?"

"ஏப்ரல் 21-ஆம் தேதி தள்ளிட்டாங்கம்மா. அவர் அவங்க புள்ள இல்லை, கேஸ் நிக்காதுன்னு ஐகோர்ட் ரத்து பண்ணிடுச்சு."

அவள் கொஞ்ச நேரம் கூடையின் ஒயரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவங்க புள்ள எங்க?"

அந்த மனுவில் கோர்ட் முன்னால் இருந்த கேள்வி அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செஞ்சி பஸ் வந்து நின்றது. கிழவர் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார். கூடையை நான் வாங்கிக்கொண்டு அவளைப் படியில் ஏற்றிவிட்டேன்.